ரஸீனாவின் கூரையில் செய்யாமல் விட்ட சோதனை

போன மாதம் குண்டசாலை பஸ்ஸில் நிரோஷாவைக் கண்டேன். நான் வேலை செய்த ஆய்வு நிலையத்தில் இப்போது தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருப்பவள். என் மேசையும் அலுமாரியும் இப்போது அவளுடையவை. பக்கத்தில் இடம் கொடுத்து என்னை உட்காரவைத்துவிட்டுப் பேசத் தொடங்கினாள்.

"மிஸ், புது மெஷின் வந்திருக்கு. சாயத் தண்ணிய ஊத்தி மூடினா போதும். நிறம் எவ்வளவு குறையுதுன்னு அதுவே கோடு போட்டுக் காட்டிடும். நீங்க செஞ்ச மாதிரி இருட்டுல ஒண்ணு, வெளிச்சத்துல ஒண்ணுன்னு வச்சிக்கிட்டு மெனக்கெட வேணாம்."

"அப்போ இருட்டுச் சோதனையே செய்றதில்லையா?"

"யாராவது கேட்டா செய்வோம். யாரும் கேக்குறதில்ல மிஸ்."

நிலையத்தின் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி அவள் கேட்டது அதற்குப் பிறகுதான். "கிராபீன் வேலை தொடங்கின காலத்தப் பத்தி எழுதுங்க. நல்ல சந்தோஷமான விஷயமா இருக்கட்டும்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன். எழுத உட்கார்ந்தபோது சந்தோஷமான விஷயம் எதுவும் வரவில்லை. அலவத்துகொடைக் கிராமத்தில் நடந்ததுதான் வந்தது.

நான் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மாநகர சபையில் எழுதுவினைஞர். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துப் பல்கலைக்கழகம் கிடைக்காமல், ஆய்வு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் குடுவை கழுவுவதிலும், கரைசல் கலக்குவதிலும், மண்ணை அரித்துப் பொட்டலம் கட்டுவதிலும் போயின. பிறகு கட்டுகஸ்தோட்டையில் கல்யாணம், பிள்ளைகள், தினமும் இரண்டு பஸ். பதவி உயர்ந்து தொழில்நுட்ப உத்தியோகத்தரானேன். அந்த வருடங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எதை எப்படிப் பிடிக்க வேண்டும், எதைக் கீழே வைக்கக் கூடாது என்பதைக் கை கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

கலாநிதி ஞானசேகரம் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தபோது எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு, அங்கேயே இருக்கச் சொல்லியும் கேட்காமல் திரும்பி வந்தவர் என்று சொன்னார்கள். வந்த முதல் நாள் குடுவை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று, நான் கழுவி வைத்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில் மட்டும் ஏதோ தென்பட்டிருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் சட்டைக் கையை மடித்து அதை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு நான் கழுவிய எதையும் அவர் கழுவ வேண்டி வரவில்லை.

குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். அறிக்கைகளில் சில சொற்களை அவர் அனுமதிப்பதில்லை. "தண்ணீர் சுத்தமானது" என்று நான் எழுதினால் அதை வெட்டி, "நிறம் குறைந்தது" என்று எழுதுவார்.

"சுத்தமெண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும், பிள்ளை? நீங்கள் கண்டது நிறத்தைத்தானே" என்பார்.

கிராபீனோடு எங்கள் சம்பந்தம் தொடங்கியது அவரால்தான். நம் நாட்டுச் சுரங்கங்களில் உலகத்திலேயே தரமான பென்சில்கரி கிடைக்கிறது. அதை மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றி விடுகிறோம். கிழக்குக் கடற்கரையில் கறுப்பு மணல் இருக்கிறது. அதையும் அனுப்பிவிட்டு, அதிலிருந்து எடுக்கிற டைட்டேனியம் வெள்ளைத் தூளை வெளியிலிருந்து வாங்குகிறோம். பெயின்டில் கலக்கிற தூள்தான். அந்தத் தூள் ஒரு குறைகடத்தி. வெயில் பட்டால் விழித்துக்கொண்டு, தன்னைத் தொடுகிற அழுக்கை உடைக்கும். ஆனால் சோம்பேறித்தனமாக உடைக்கும்.

ஏன் சோம்பல் என்று எனக்கு அவர் விளங்கப்படுத்திய விதம் இன்னும் நினைவிருக்கிறது. வெயில் பட்டதும் தூளுக்குள்ளே இலத்திரன் என்கிற ஒரு மின்துகள் எழும்புகிறதாம். எழும்பியது வெளியே வந்து வேலை செய்ய வேண்டும். ஆனால் முக்கால்வாசி எழும்பிய இடத்திலேயே திரும்ப விழுந்துவிடுகிறது. பக்கத்தில் கிராபீன் இருந்தால் அது விழ விடாமல் வாங்கிக்கொண்டு போய்விடும். பென்சில்கரியை ஓர் அணுவின் கனத்துக்கு ஏடு ஏடாகப் பிரித்தால் கிடைப்பதுதான் கிராபீன். "ரெண்டையும் சேர்த்தமெண்டால், வெயிலை மட்டும் வச்சுச் சாயத் தண்ணியை வெளுக்கலாம். கரண்ட் வேண்டாம், மருந்து வேண்டாம். எங்கட நாட்டுச் சாமான்" என்றார். அவர் ஆசைப்பட்டுப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

செய்முறை பொறுமையைச் சோதிப்பது. ஐஸ் நிரப்பிய பேசினுக்குள் அமிலக் குடுவையை வைத்து, கரித்தூளைப் போட்டு, பேர்மங்கனேற்று உப்பைக் கரண்டி நுனியில் எடுத்து எடுத்துப் போட வேண்டும். அவசரப்பட்டால் சூடேறிப் பொங்கும். பச்சையாக இருந்த கலவை மெல்ல மண்ணிறமாகித் தடிக்கும். கடைசியில் பெரொட்சைட்டை ஊற்றும்போது ஒரு நொடியில் மஞ்சளாக மாறும். எத்தனை தடவை செய்திருந்தாலும் அந்த மஞ்சளைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். அதற்குப் பிறகு கழுவுவது. அமிலம் முழுதும் போகும்வரை நாட்கணக்கில் கழுவுவோம். கடைசியில் கூழ் மாதிரி ஒன்று மிஞ்சும். அதை வெள்ளைத் தூளோடு கலந்து, இறுக மூடிய இரும்புக் குப்பியில் போட்டு அடுப்பில் வேகவைத்தால் சாம்பல் கலந்த கறுப்பாக வெளியே வரும்.

அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனையில்தான் நாங்கள் சேர் என்று கூப்பிட்ட கலாநிதி கண்டிப்பு. ஒரே சாயத் தண்ணீரை இரண்டு பீக்கர்களில் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு கறுப்புத் தூளைப் போட வேண்டும். ஒன்றை வெயிலில் வைக்க வேண்டும். மற்றதை அலுமினியத் தாளால் சுற்றி, ஊசி முனை வெளிச்சமும் புகாமல், அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

முதல் தடவை வெயிலில் வைத்த நீலச் சாயத் தண்ணீர் வெறும் தண்ணீராகவே மாறியதைக் கண்டு, பீக்கரைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. எழுந்து வெளியே வந்து, சுற்றியிருந்த மற்ற பீக்கரின் தாளைப் பிரித்தார். அதற்குள்ளும் நீலம் அநேகமாகப் போயிருந்தது.

"வெயில் ஒண்டும் செய்யேல்ல, பிள்ளை. கரி உறிஞ்சிப்போட்டுது. சாயம் எங்கையும் போகேல்ல, ஒளிச்சுக்கொண்டு நிக்குது" என்றார்.

கிராபீனின் குணம் அது. சாயத்தைக் கண்டால் ஒட்டவைத்துக்கொள்ளும். உடைப்பதற்கும் ஒட்டவைப்பதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இருட்டில் வைத்ததைப் பார்த்தால்தான் தெரியும். பிறகு கலவையை மாற்றி மாற்றி, இருட்டில் நீலம் நிற்க, வெயிலில் மட்டும் நீலம் போகிற ஒன்றைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மழைக்காலம் எடுத்தது. அந்த நாள் சேர் எனக்கும் ஒரு பிளேன்டீ போட்டுக்கொண்டு வந்தார்.

ரஸீனா எங்களைத் தேடி வந்தது அதற்குப் பிறகு. அலவத்துகொடையில் வீட்டுக்குப் பின்னால் பத்திக் வேலைத்தளம் நடத்தியவள். கணவன் இல்லை. ஊரில் வேறு வேலை கிடைக்காத பெண்களைச் சேர்த்துக்கொண்டு, துணியில் மெழுகால் கோலம் வரைந்து, சாயம் தோய்த்து, மெழுகை அவித்து எடுத்து, கண்டிக் கடைகளுக்குக் கொடுத்தாள். அக்காவை அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் தாத்தா என்பார்கள். அந்தப் பெண்கள் எல்லோரும் அவளை ரஸீனா தாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டு போத்தல்களைக் கொண்டுவந்து சேரின் மேசையில் வைத்தாள். அவளுடைய வீட்டு வளவைத் தாண்டி ஓடும் ஓடையில், மேலே எடுத்தது ஒன்று, கீழே எடுத்தது ஒன்று. கீழே எடுத்தது ஊதாவாக இருந்தது.

"கீழ ஈக்குற ஊட்டுக்காரங்க புகார் குடுத்துட்டாங்க சேர். அவங்க மேல பிழை இல்ல. அந்தத் தண்ணியில புள்ளைகள எப்பிடிக் குளிப்பாட்டுற? இத நிப்பாட்டல்லன்னா மூடச் சொல்லி அதிகாரிமார் சொல்லிட்டாங்க. மூடினா எங்கட பொம்புளைகள் என்ன செய்ற? நீங்க வெயில்ல சாயத்த போக்காட்டுறீங்கன்னு கடையில ஒத்தர் சொன்னாரு."

சேர் போத்தல்களை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். "நாங்கள் ஒரு சாயத்திலதான் செய்து பாத்தனாங்கள். உங்கடை தண்ணியில என்னென்ன கிடக்கெண்டு தெரியாது. வந்து பாக்கிறன்" என்றார்.

போய்ப் பார்த்தோம். பல சாயங்களோடு சோடாவும் உப்பும் மெழுகும் அந்தத் தண்ணீரில் இருந்தன. தகரக் கொட்டிலுக்கு மேலே நல்ல வெயில் விழுந்தது. சொரசொரப்பாக்கிய கண்ணாடித் தட்டுகளில் எங்கள் கறுப்புக் கலவையைப் பூசி, படிக்கட்டு மாதிரி ஒன்றுக்குக் கீழே ஒன்றாகச் சரித்துக் கூரையில் பொருத்தினோம். கீழே பீப்பாவிலிருந்து ஒரு சின்னப் பம்ப் தண்ணீரை மேலே ஏற்றும். தட்டுத் தட்டாக மெல்லிய படலமாக வழிந்து திரும்பப் பீப்பாவுக்கு வரும். பின்னேரம் வரை சுற்றிவிட்டு ஓடைக்குத் திறந்துவிடுவது.

முதல் நாள் பின்னேரம் பீப்பாவுக்குள் எட்டிப் பார்த்த பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டார்கள். ஊதா போயிருந்தது. பீப்பாவின் அடி தெரிந்தது. ரஸீனா கையை விட்டு அளைந்து, உள்ளங்கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். கீழ் வீட்டிலிருந்து புகார் கொடுத்த மனிதரே ஏறி வந்து பார்த்துவிட்டு, "இப்பிடி ஈந்தா எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரு பொருள் ஆய்வுகூடத்துக்கு வெளியே ஒருவருக்கு உதவியது அதுதான் முதல் தடவை.

சில வாரங்கள் அப்படியே போயின. எங்கள் நிலையத்தின் பணிப்பாளருக்கும் மகிழ்ச்சி. பத்திரிகைக்குச் சொல்வோம், அமைச்சிலிருந்து ஆட்களை அழைப்போம் என்றெல்லாம் சேரை நெருக்கினார். சேர், இருட்டுச் சோதனை முடியட்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சோதனைக்கு ரஸீனாவின் சம்மதம் கேட்கத்தான் ஒரு காலை அலவத்துகொடைக்குப் போனோம். நானும் அவரும் ரஸீனாவின் கொட்டிலில் கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம். பெண்கள் மெழுகுச் சட்டியைச் சுற்றி வேலையாக இருந்தார்கள்.

"பாதித் தட்டுகளைக் கறுப்புப் பொலித்தீனால மூட வேணும். ஒரு கிழமைக்கு, ஏழு நாளும். மூடின பக்கத்தால ஓடுற தண்ணியிலயும் நிறம் போகுதெண்டால், வெயில் வேலை செய்யேல்ல எண்டு அர்த்தம். தட்டு உறிஞ்சி உறிஞ்சி வச்சிருக்குது. நிறைஞ்ச பிறகு என்ன செய்யுமெண்டு சொல்லேலாது" என்றார் சேர்.

ரஸீனாவின் முகம் மாறியது. "இந்தக் கிழமையா சேர்? வாற திங்கக்கிழமை அதிகாரிமார் பாக்க வாறாங்க. பாதியை மூடினா தண்ணி தெளியாதே. கலர் தண்ணியக் கண்டா சீல் வெச்சிட்டுப் போயிருவாங்க."

"அவையோட நான் கதைக்கிறன்."

"கதைச்சாலும் அவங்க கண்ணால பாக்குறதத்தானே எழுதுவாங்க." அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. மெழுகுச் சட்டியைச் சுற்றியிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "இவ்வளவு நாள் கழிச்சு இப்பத்தான் கீழ் ஊட்டுக்காரங்க மொகம் குடுத்துக் கதைக்கிறாங்க சேர். இந்த ஒரு தடவ விட்டுருங்க. அவங்க வந்து போனப் பொறகு நீங்க எதை வேணுமானாலும் மூடுங்க."

சேர் எழுந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொட்டில் வாசலுக்குப் போனார். வானத்தைப் பார்த்தார். நல்ல நீல வானம். திரும்பி வந்து, "சரி. வந்து போகட்டும்" என்றார்.

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நிலையத்து வேனில் ஏறும்போது என் முகத்தைப் பார்க்காமல், "மனிசர் அழேக்க என்ன செய்யிறது" என்றார்.

அதிகாரிகள் வந்தார்கள், தெளிந்த தண்ணீரைப் பார்த்தார்கள், அனுமதி கொடுத்தார்கள். அந்தக் கிழமையே ரஸீனாவுக்குப் பெரிய ஓடர் ஒன்று கிடைத்தது. இன்னும் சில பெண்களைச் சேர்த்தாள். சேர் பொலித்தீன் சுருளோடு போவதற்கு நாள் கேட்டபோது ஓடர் முடியட்டும் என்றாள். பிறகு நோன்பு வந்தது. பிறகு மழை வந்தது.

அந்த வருடம் மழைக்கு முன்பே மேகம் கட்டிக்கொண்டது. நாள் முழுக்க மங்கலாக இருக்கும், பெய்யாது. ரஸீனா தொலைபேசியில், தண்ணீர் தெளிய நேரம் எடுக்கிறது, தட்டில் ஒரு பிசுபிசுப்பு இருக்கிறது என்று சொன்னாள். சேர் உடனே பம்பை நிறுத்தச் சொன்னார். தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம், பீப்பாவிலேயே வைத்திருங்கள், நாளைக்கு வருகிறோம் என்றார். அவளும் அப்படியே செய்தாள். அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அன்று பின்னேரம் அடைமழை. நாங்கள் மறுநாள் காலை போனபோது அலவத்துகொடைச் சந்தியிலிருந்தே ஆட்கள் ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். தட்டுகளில் இருந்த பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, அத்தனை மாதம் உறிஞ்சி வைத்திருந்த சாயத்தையும் கொண்டு கூரையால் வழிந்திருந்தது. ஓடை கறுப்பும் நீலமுமாக, மை கொட்டியது போல ஓடியது. கற்களில் படிந்திருந்தது. கீழே துணி துவைக்கிற இடத்தில் ஒரு கொடி முழுக்கப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் நீலத் திட்டுகளோடு தொங்கின. கீழ் வீட்டு மனிதரின் கிணறு ஓடைக் கரையில்தான் இருந்தது. அவர் வாளியை இறக்கி எடுத்துக் காட்டினார். தண்ணீரில் நீலம் ஊறியிருந்தது.

ரஸீனா வாசலில் நின்றாள். அவளைச் சுற்றி அவளுடைய ஊரே நின்றது.  

சேர் சப்பாத்தோடு ஓடைக்குள் இறங்கிக் குனிந்து போத்தலில் தண்ணீர் எடுத்தார். ஏறி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இது அவவின்ர பிழை இல்லை. நாங்கள் வச்ச சாமான்தான் கழண்டது. இது எங்கட பிழை."

கிணற்றுக்காரர் கேட்டார்: "அப்ப, சரியாகும்னு ஏன் சேர் சொன்னீங்க? நான் உங்கள நம்பித்தானே புகாரத் திருப்பி வாங்கின?"

 சேர் போத்தலை மூடி, என்னிடம் தந்து, இடமும் நேரமும் எழுதச் சொன்னார். 

வேலைத்தளத்துக்குச் சீல் வைத்தார்கள். அந்தப் பெண்களில் சிலர் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்ய நிலையம் ஆள் அனுப்பியது. பணிப்பாளர் அதற்குப் பிறகு எங்கள் அறைப் பக்கம் வரவில்லை. திட்டம் நிறுத்தப்பட்டது என்று ஒரு வரியில் அறிவித்தார்கள்.

சேர் நிறுத்தவில்லை. கழன்ற தட்டுகளை எங்கள் கட்டடத்து மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தார். வேறொரு பத்திக் வேலைத்தளத்தில் கழிவுத் தண்ணீரைக் கேட்டு வாங்கி, ரஸீனாவின் கூரையில் செய்யாமல் விட்ட சோதனையை அங்கே செய்தார். புதிதாகப் பூசிய தட்டுகளில் பாதியை மூடி, பாதியைத் திறந்து. நான் அவருடன் இருந்தேன். மூடிய தட்டும் திறந்த தட்டும் முதல் நாட்களில் ஒரே மாதிரித்தான் தண்ணீரை வெளுத்தன. ஆய்வுகூடத்தில் ஒரு சாயத்தை வைத்து நாங்கள் கண்ட வித்தியாசம் இங்கே இல்லை. அவித்த மெழுகு கண்ணுக்குத் தெரியாத படலமாகத் தட்டில் படிந்து வெயிலை மறைத்திருந்தது. கரி மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. ஒரு கிழமை அலவத்துகொடையில் மூடி வைத்திருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும்.

வழியும் அதிலேயே இருந்தது. முதலில் தண்ணீரை ஆறவைத்து மெழுகை வழித்தெடுக்க வேண்டும். தட்டுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்று உறிஞ்சும்போது மற்றதைச் சும்மா வெயிலில் காயவிட வேண்டும். உறிஞ்சிய சாயத்தை வெயில் அந்த ஓய்வில் உடைத்துவிடும். மேகம் கட்டினால் வேலையை நிறுத்திக் கூரையை மூட வேண்டும். பூச்சு கழலாமல் இருக்கச் சூளையில் சுட வேண்டும். மறு வருட வெயிலில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தோம். இருட்டுத் தட்டில் வழிந்த தண்ணீர் ஊதாவிலேயே நின்றுவிட்டது. வெயில் தட்டு ஒவ்வொரு ஓய்வுக்குப் பிறகும் புதிது போல் எழும்பியது. அதைக் கண்டு நாங்கள் இருவரும் சந்தோஷப்படவில்லை. சேர் மொட்டை மாடியில் நீண்ட நேரம் நின்றார். பிளேன்டீ ஆறிப்போனது.

அவர் எழுதிய அறிக்கையில் அலவத்துகொடையில் நடந்தது முழுவதும் இருந்தது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டு அனுப்பலாம் என்றார்கள். அது இல்லாமல் மிச்சத்தை யாரும் நம்பக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்தார். அறிக்கை வெளியே போகவில்லை. அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார்.

போவதற்கு முன்னால் என்னிடம் ஒன்று கேட்டார். "புஷ்பா, நேரம் கிடைச்சால் அந்த ரஸீனாப் பிள்ளையிட்டை ஒருக்காப் போங்கோ. செய்யலாமெண்டு சொல்லுங்கோ. திரும்பத் தொடங்க விருப்பமெண்டால் நான் வாறன், சொந்தமாச் செய்து குடுக்கிறன்." அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம்.

ஒரு சனிக்கிழமை காலை கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி அலவத்துகொடைக்குப் போனேன். கொட்டில் இருந்த இடத்தில் வாழை நட்டிருந்தார்கள். ரஸீனா முன் அறையில் தையல் மெஷினில் இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோபத்தின் அடையாளமே இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகு, ஓய்வு, இரண்டு கூட்டம் தட்டு, சேர் வருவதாகச் சொன்னது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப இப்ப சரியா வருது."

"வருதுங்க. நானே பாத்தேன்."

"மூடி வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

அவள் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியை மடியில் வைத்து நீவினாள். "இனி எனக்கு ஏலா மிஸ். எங்கட ஊராக்கள் இப்பத்தான் சலாம் சொல்லத் தொடங்கி ஈக்குறாங்க. அவங்கட ஓடையில நான் திரும்பக் கை வெக்க மாட்டேன்." துணியை மடித்து மெஷினில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு விஷயம் கேக்கணும்னு நெனச்சிட்டே ஈந்தேன். அண்டைக்கு நான் அழுதேன்தான். எனக்கு என்ன தெரியும்? அவருக்குத்தானே தெரியும். புள்ள அழுதுதுன்னு டொக்டர் ஊசி போடாம விடுறாரா? அவரு அண்டைக்கு ஏலாதுன்னு சொல்லி ஈக்கணும். நான் ரெண்டு நாளைக்கு ஏசியிருப்பேன். அவ்வளவுதான்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன். பஸ் வரும்வரை என்னோடு றோட்டோரத்தில் நின்றாள்.

மறுநாள் சேரே தொலைபேசியில் கூப்பிட்டார். போனேனா என்று கேட்டார்.

"போனேன் சேர். நல்லா இருக்காங்க. தையல் வேலை செய்றாங்க. திரும்பத் தொடங்க முடியாதாம்."

"ஓம். அவவுக்கு என்னெண்டு மனம் வரும்." பின்னால் எங்கோ காகம் கரைந்தது. "வேறை என்ன சொன்னவ?"

"வேற ஒண்ணும் சொல்லல சேர்."

"என்னைத் திட்டினவவோ?"

"இல்ல சேர். திட்டல."

 

"திட்டியிருக்கலாம், பிள்ளை" என்றார்.